தட்டில் உறையும் கொழுப்பு

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வியாசர்பாடியில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் குக்கர் விசில்தான். கோழிக்கு இரண்டு, ஆட்டுக்கு நாலைந்து. மாட்டுக்கறி என்றால் எண்ணிக்கை தப்பிப்போகும். எங்கள் ஆயா குக்கரை நம்பாது. அலுமினியக் குண்டானில் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போட்டு, அடுப்பை அடக்கி வைத்து, மணிக்கணக்கில் வேகவிடும். குழம்பைத் தட்டில் ஊற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை வரும்: "சூடா இருக்கசொல்லவே துண்ணுடு. ஆறிப்போச்சுன்னா வாயில ஒட்டும்."

ஒட்டத்தான் செய்யும். பேச்சு சுவாரசியத்தில் கொஞ்சம் அசந்தால் குழம்பின் மேல் வெள்ளையாக ஏடு படரும், தட்டின் ஓரத்தில் மெழுகுபோலக் கட்டிக்கொள்ளும், அண்ணத்தில் அப்பும். கோழிக் குழம்பு இப்படி ஆகாது. மீன் குழம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இந்த ஏட்டைச் சுரண்டிப் பார்ப்பதுதான் இங்கே வேலை. மாட்டுக் கொழுப்பு ஏன் இறுகுகிறது? மாடு தின்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? ஜீன், ஜீன் என்கிறார்களே, அது இதில் எங்கே நுழைகிறது? பத்தாம் வகுப்பு அறிவியல் நினைவிருந்தால் போதும். மறந்துபோயிருந்தாலும் பாதகமில்லை.

முதலில் கொழுப்பு. எந்தக் கொழுப்பையும் பிரித்துப் பார்த்தால் நீளநீளமான கொழுப்பு அமிலங்கள் இருக்கும். துடைப்பக்குச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரான குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் இடுக்கில்லாமல் இறுகி நிற்கும். நடுவில் மடங்கிய குச்சிகளைக் கட்டிப் பாருங்கள், கட்டு தளர்ந்து சரியும். நேரான குச்சிக்கு நிறைவுற்ற கொழுப்பு அமிலம் என்று பெயர், மடங்கியது நிறைவுறாதது. 18 கார்பன் அணுக்கள் நீளமுள்ள மூன்று குச்சிகளை எடுத்துக்கொள்வோம். மடிப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஒரே ஒரு மடிப்புள்ள ஒலியிக் அமிலம் 13, 14 டிகிரியிலேயே உருகிவிடும். மூன்று மடிப்புள்ள லினோலெனிக் அமிலம் பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 11 டிகிரியில்கூடத் திரவம்தான். நீளம் ஒன்றுதான், மடிப்பு மட்டும் வேறு. அக்னி நட்சத்திர வெயிலாலும் ஸ்டியரிக்கை அசைக்க முடியாது. ஒலியிக்கோ மார்கழி விடியலிலும் நம் ஊரில் எண்ணெயாகவே கிடக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பச்சைப் புல்லில் கொழுப்பு கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் பாதிக்கு மேல் லினோலெனிக், அதாவது மூன்று மடிப்புக் குச்சி. அப்படியானால் புல் தின்ற மாட்டின் கொழுப்பு நல்லெண்ணெய் மாதிரி ஓட வேண்டாமா? பன்றியில் ஏறத்தாழ அப்படித்தான் நடக்கிறது. வேர்க்கடலையாகப் போட்டு வளர்த்த பன்றியின் கொழுப்பு கையில் பிசுபிசுவென்று இளகும். மாட்டில் அது நடக்கவில்லை. புல்லில் மடங்கிக் கிடந்த குச்சி மாட்டின் வயிற்றில் எங்கேயோ நிமிர்ந்துவிடுகிறது.

நிமிர்த்தும் இடம் ரூமென். மாட்டுக்கு நாலு வயிறு என்று பள்ளியில் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் ஒரே வயிற்றில் நாலு அறை. அதில் முதலாவதும் பெரியதும் ரூமென். கறிக்கடையில் துண்டு மாதிரிச் சொரசொரவென்று தொங்குமே, அதுதான். வளர்ந்த மாட்டில் 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். தண்ணி லாரிக்கு வரிசையில் வைக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஏழெட்டுக் குடம். அதற்குள் மாடு தின்றது மட்டும் இல்லை. பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை என்று கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன.

அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். நம் தெருவில் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைக் கிழித்துத் தின்னும் மாட்டைப் பார்த்தால் போதும். பசி, பாவம் என்று நாம் நகர்ந்துவிடுகிறோம். அதன் கணக்கு அவ்வளவு மோசமில்லை. காகிதம் மரக்கூழ், அதாவது செல்லுலோஸ். பின்னால் தடவிய பசை மாவு, அதாவது ஸ்டார்ச். செல்லுலோஸை உடைக்கும் நொதி மாட்டுக்குச் சொந்தமாகக் கிடையாது, ரூமெனில் குடியிருப்பவர்களிடம் உண்டு. அவர்கள் புல்லையும் வைக்கோலையும் காகிதத்தையும் ஒரே மாதிரி நொதிக்க வைத்து, தங்கள் கழிவாக மூன்று அமிலங்களை வெளியே தள்ளுகிறார்கள்: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். முதலாவது வினிகரின் புளிப்பு, மூன்றாவது கெட்டுப்போன வெண்ணெயின் வாடை. மாடு உயிர் வாழ்வதற்கான சக்தியில் சுமார் 70 சதவீதம் இந்தக் கழிவிலிருந்துதான் வருகிறது. (போஸ்டரோடு சேர்த்து விழுங்கும் பாலித்தீன் பையை மட்டும் எந்த நுண்ணுயிரும் தொடாது. அது வயிற்றிலேயே சேர்ந்து உருண்டுகொண்டு கிடக்கும். இன்னொன்று: மாட்டின் மண்ணீரலுக்கும் நம் கடைகளில் சுவரொட்டி என்றுதான் பெயர். சுவரொட்டி தின்று சுவரொட்டி வளர்க்கும் பிராணி உலகில் வேறு எங்கும் இருக்காது.)

இந்த நுண்ணுயிர்களுக்கு மடிப்புக் குச்சிகள் ஆகாது. நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் அவற்றின் மேல்சவ்வைக் குலைத்துவிடும். அதனால் உள்ளே வந்த லினோலெனிக்கைப் பிடித்து, ஹைட்ரஜனை ஏற்றி, ஒவ்வொரு மடிப்பாக நிமிர்த்திவிடுகின்றன. கடைசியில் மிஞ்சுவது ஸ்டியரிக். மாட்டுக்குச் சூரியகாந்திப் பிண்ணாக்கு போடுங்கள், எள்ளுப் பிண்ணாக்கு போடுங்கள், இந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டாமல் எதுவும் உடம்புக்குள் போக முடியாது. பெரும்பாலானவை நிமிர்ந்துதான் வெளியே வரும்.

பாதி வேலையில் நழுவிவிடும் குச்சிகளும் கொஞ்சம் உண்டு. அவற்றில் ஒன்றுக்குச் சுவையான பின்னணி இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரீசா என்பவரும் கூட்டாளிகளும், கொத்துக்கறியை நெருப்பில் வாட்டும்போது உண்டாகும் கெடுதலான பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததோ நேர்மாறானது. அந்தக் கறியின் சாற்றில் இருந்த ஒரு பொருள், எலிகளின் தோலில் புற்றுக்கட்டி உண்டாவதைத் தடுத்தது. 1987-இல் அது லினோலிக் அமிலத்தின், அதாவது இரண்டு மடிப்புக் குச்சியின், உருமாறிய வடிவம் என்று எழுதினார்கள். சுருக்கமாக சி.எல்.ஏ. என்பார்கள். எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பெயரில் மாத்திரை விற்கிறார்கள்.

இதுவரை கணக்கு நேராகத்தான் இருக்கிறது. புல் உள்ளே போனது, நுண்ணுயிர் நிமிர்த்தியது, ஸ்டியரிக் வெளியே வந்தது. அப்படியே கறியில் படிந்திருந்தால் மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்தியாக அல்லவா இருக்க வேண்டும்? ஆயாவின் குழம்பு தட்டில் விழுந்ததுமே கல்லாகியிருக்கும். உண்மையில் மாட்டுக் கொழுப்பைப் பகுத்துப் பார்த்தால் அதிகம் இருப்பது ஸ்டியரிக் இல்லை, ஒலியிக். சுமார் 40 சதவீதம், சில மாடுகளில் அதற்கும் மேல். நுண்ணுயிர்கள் நிமிர்த்தி அனுப்பிய குச்சியை உடம்புக்குள் யாரோ மறுபடி மடக்கியிருக்கிறார்கள்.

மடக்குவது ஒரு நொதி. ஸ்டியரோயில் கோ-ஏ டீசாச்சுரேஸ் என்று பெயர் நீளும், எஸ்.சி.டி. என்று வைத்துக்கொள்வோம். ஸ்டியரிக்கின் நட்டநடுவே ஒரு மடிப்பு போட்டு ஒலியிக் ஆக்குவதே இதன் முழுநேர வேலை. ரூமெனில் பாதியில் நழுவிய ஒரு குச்சியை சி.எல்.ஏ. ஆக்குவதும் இதே கைதான். நொதி என்பது புரதம். புரதத்தைச் செய்யும் குறிப்பு ஜீனில் இருக்கிறது. இங்கேதான் ஜீன் நம் தட்டுக்குள் நுழைகிறது.

ஜீன் வெளிப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் மிரள வேண்டாம். வீட்டுப் பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். மூலப்பத்திரம் பீரோவில், புடவைக்கு அடியில், பூட்டுக்குள். அது வெளியே போகாது. ஈ.பி. இணைப்புக்கும் வங்கிக் கடனுக்கும் பையன் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கும் போவது ஜெராக்ஸ். செல்லுக்குள்ளும் அதேதான். டி.என்.ஏ. மூலப்பத்திரம், செல்லின் உட்கருவை விட்டு நகராது. தேவைப்படும் பக்கத்தை மட்டும் ஆர்.என்.ஏ. என்ற நகலாக எடுத்து அனுப்பும். வெளியே அந்த நகலைப் படித்துப் புரதம் செய்வார்கள். நகல் சீக்கிரம் நைந்து போகும், வேண்டுமானால் மறுபடி எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் எத்தனை ஜெராக்ஸ் போகிறது என்பதுதான் ஜீன் வெளிப்பாடு. ஈரல் செல்லிலும் தசைச் செல்லிலும் கொழுப்புச் செல்லிலும் இருப்பது ஒரே பத்திரம். ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கத்தை ஜெராக்ஸ் எடுப்பதால்தான் ஒன்று ஈரலாகவும் மற்றொன்று தொடைக்கறியாகவும் இருக்கிறது.

மாட்டின் பத்திரத்தை முழுசாகப் படித்து வெளியிட்டது 2009-இல். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருந்த ஹியர்ஃபோர்ட் இனப் பசு ஒன்றின் டி.என்.ஏ. அது. பசுவின் பெயர் டாமினெட். சுமார் 22,000 ஜீன்கள் என்று கணக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்காரர்களின் வேலை சுலபமானது. ஒரு துளி கறியை எடுத்து, நகல்கள் நைந்து போவதற்கு முன் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, எந்தப் பக்கத்துக்கு எத்தனை ஜெராக்ஸ் கிடக்கிறது என்று எண்ணிவிடலாம். இது ஏதோ கடல் கடந்த சமாச்சாரமும் இல்லை. 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பத்துக்கென்று தனித் துறையே இருக்கிறது.

தீவனம் பத்திரத்தைத் திருத்தி எழுதுமா? எழுதாது. இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. வைக்கோல் தின்றதால் காங்கேயம் மாடு ஜெர்சி ஆகிவிடாது. தீவனத்தால் முடிந்தது ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய், "இந்தப் பக்கம் பத்து காப்பி கூடப் போடு, அதை நிறுத்து" என்று சொல்வது மட்டும்தான். (அந்தக் கறியைத் தின்றால் நம் ஜீன் மாறுமா என்று ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. மாட்டின் டி.என்.ஏ. நம் குடலில் பருப்பு, கத்தரிக்காயின் டி.என்.ஏ.வோடு சேர்ந்து செரித்துப் போகும்.)

இந்தக் கட்டளை எப்படிப் போகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மாடு வெறும் புல்லும் வைக்கோலும் தின்றால் ரூமெனில் அசிட்டேட் கொழிக்கும். பத்தில் ஆறு ஏழு பங்கு அதுவாகவே இருக்கும். சோளம், கம்பு, அரிசிக் குருணை என்று தானியம் ஏற ஏற, புரோப்பியோனேட்டின் பங்கு கூடும். புரோப்பியோனேட் நேரே ஈரலுக்குப் போய் குளுக்கோஸ் ஆகும். நாம் சோறு தின்றால் குளுக்கோஸ் குடலிலிருந்தே வந்துவிடுகிறது. மாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஈரல்தான் உட்கார்ந்து செய்தாக வேண்டும். குளுக்கோஸ் கூடினால் இன்சுலின் கூடும். இன்சுலின் கொழுப்புச் செல்லின் கதவைத் தட்டும்போது, எஸ்.ஆர்.இ.பி.பி. என்ற மேஸ்திரிப் புரதம் விழித்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், "கொழுப்பு செய்யும் பக்கங்களை எடு" என்கிறது. கொழுப்பு அமிலத்தை அடியிலிருந்து கட்டும் நொதிக்கான ஜெராக்ஸும், நம் எஸ்.சி.டி.க்கான ஜெராக்ஸும் எகிறுகின்றன. கொழுப்பு பெருகுகிறது, அதில் மடிப்புக் குச்சியும் பெருகுகிறது.

பச்சைப் புல் தின்ற மாட்டில் தானியத்தின் தூண்டுதல் இல்லை. போதாததற்கு, ரூமெனில் தப்பி வந்த பல மடிப்புக் குச்சிகள் அதே மேஸ்திரியை அடக்கிவிடுகின்றன. வெளியிலிருந்து சரக்கு வந்துவிட்டது, உள்ளே செய்ய வேண்டாம் என்கிற மாதிரி. எஸ்.சி.டி. நகல்கள் குறையும். அதனால் பலரும் எதிர்பார்க்காத விளைவு ஒன்று உண்டு. புல் மட்டும் தின்ற மாட்டில் மொத்தக் கொழுப்பு குறைவு, லினோலெனிக்கும் அதன் குடும்பமுமான ஒமேகா-3 கூடுதல். ஆனால் இருக்கும் கொழுப்பில் ஸ்டியரிக்கின் பங்கு அதிகம், ஒலியிக்கின் பங்கு குறைவு. அதாவது புல் மாட்டின் கொழுப்பு தட்டில் இன்னும் சீக்கிரம் உறையும். ஆயாவின் ஏட்டுக்குப் பாதி விடை கிடைத்தாயிற்று. பாமிட்டிக் என்ற இன்னொரு நேரான குச்சி அளவுக்கு ஸ்டியரிக் ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றாது என்பதால், உறைகிற கொழுப்பெல்லாம் ஒரே அளவு கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது.

மீதிப் பாதிக்குக் கடைக்குப் போக வேண்டும்.

எங்கள் கறிக்கடை பாய், தொங்கும் தொடையைக் காட்டி ஒருமுறை சொன்னார்: "கொழுப்பு வெள்ளையா கீதா? எருமபா. பசுமாட்டுதுன்னா மஞ்சளா கீறும்." நான் வாயைப் பிளந்தேன், ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு அறிவியல் பாடமே இருந்தது. பச்சைப் புல்லில் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது, கேரட்டில் இருப்பதேதான். எருமை அதைப் பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். வைட்டமின் ஏ-க்கு அநேகமாக நிறம் இல்லை, அதனால் எருமைக் கொழுப்பும் எருமை நெய்யும் வெள்ளை. பசு அவ்வளவு கறாராக மாற்றாது. மாறாத நிறமி கொழுப்பில் தங்கி மஞ்சளாகத் தெரியும். ஜெர்சி கலப்பு என்றால் இன்னும் மஞ்சள். அதே பசுவுக்கு மாதக்கணக்கில் வைக்கோலும் தவிடும் மட்டும் போட்டால் மஞ்சள் வெளுக்கும். நிறமியை உடைக்கும் ஜீனிலேயே பழுது இருந்தால், தின்றது எதுவானாலும் மஞ்சள் கூடும். ஆக நிறத்தை மட்டும் பார்த்துத் தீவனத்தைச் சொல்லிவிட முடியாது. பாயின் விதி கடைக்குப் போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. அவருக்கும் அது தெரியும். "நூத்துக்கு நூறு சொல்ல முடியாது தம்பி" என்றுதான் முடித்தார்.

அந்த வைட்டமின் ஏ சும்மா இருக்கும் பொருள் இல்லை. உடம்பில் அது ரெட்டினோயிக் அமிலமாகி, நேரே செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, ஜீன்களின் பக்கத்தில் காத்திருக்கும் ஏற்பிகளில் உட்கார்ந்துகொள்ளும். இன்சுலின் வெளியே நின்று கதவைத் தட்டுகிறது. இதுவோ வாயில் போட்ட புல்லிலிருந்து கிளம்பி ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும் தானே வந்துவிடுகிறது. வளர்ந்த மாட்டில், கொழுப்புச் செல்லாக முதிர வேண்டிய செல்லை முதிர விடாமல் இது தடுக்கும். பி.பி.ஏ.ஆர். காமா என்று ஒரு தலைமை ஜீன் உண்டு; அதன் பக்கம் நகலானால்தான் ஒரு செல் கொழுப்புச் செல் ஆகும். ரெட்டினோயிக் அமிலம் அந்த வழியை அடைக்கிறது.

ஜப்பானியர்கள் இதைத் தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். வாக்யூ மாட்டுக்கறியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சிவப்புக்குள் வெள்ளை, பளிங்குத் தரையில் வரி ஓடுவதுபோல் இழையிழையாகக் கொழுப்பு. கறியில் 30 சதவீதத்துக்கு மேல்கூடக் கொழுப்பு இருக்கும், அதிலும் ஒலியிக் பாதிக்கு மேல் போகும். விரலில் வைத்தாலே இளகும் என்பார்கள். கொழுக்க வைக்கும் காலத்தின் நடுப்பகுதியில் அந்த மாடுகளுக்கு வைட்டமின் ஏ-யைக் குறைத்துவிடுவார்கள். பச்சைத் தீவனம் கிடையாது, தானியம் நிறைய, நார்ச்சத்துக்குக் கரோட்டின் இல்லாத ஒரு பொருள். அந்தப் பொருள் என்ன தெரியுமா? நெல் வைக்கோல். அளவு தவறினால் மாட்டுக்குக் கண் தெரியாமல் போகும், மூட்டு வீங்கும். ருசிக்காக ஒரு பிராணியைக் குருட்டின் விளிம்பு வரை கொண்டுபோவதை என்னால் ரசிக்க முடியவில்லை. ஆனால் உணவு ஜீனோடு பேசுவதற்கு இதைவிட வெளிச்சமான உதாரணம் கிடையாது.

வைக்கோல் என்றதும் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து வைக்கோலைத்தானே நம் மாடும் தலைமுறை தலைமுறையாகத் தின்கிறது? நம் கறியில் பளிங்கு வரி எங்கே?

விடை பல இடத்தில் சிதறிக் கிடக்கிறது. வைக்கோலோடு ஜப்பான் மாட்டுக்குக் கிடைக்கும் தானியம் நம் மாட்டுக்குக் கிடைப்பதில்லை. மாட்டுடம்பில் கொழுப்பு சேருவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சிறுநீரகத்தைச் சுற்றி, குடலைச் சுற்றி. பிறகு தசைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில். எல்லாம் நிரம்பி வழிந்த பிறகுதான் தசைக்கு உள்ளே. சம்பளம் வாங்கியதும் வாடகை, கடன், சீட்டு என்று போய்க் கடைசியில் சினிமாவுக்கு மிஞ்சுவதுபோல. தோலடிக் கொழுப்புச் செல்கள் பெரும்பாலும் அசிட்டேட்டை வைத்துக் கொழுப்பு செய்கின்றன. தசைக்குள் இருக்கும் செல்களோ குளுக்கோஸை அதிகம் கேட்கின்றன. தானியம் இல்லாவிட்டால் புரோப்பியோனேட் குறைவு, குளுக்கோஸ் குறைவு, கடைசி இடத்துக்கு ஒன்றும் வந்து சேராது. அது போக, நம் திமில் மாட்டினங்களுக்கு ஐரோப்பிய, ஜப்பானிய இனங்களைப்போலத் தசைக்குள் கொழுப்பு சேர்க்கும் சுபாவம் இல்லை. இது பத்திரத்திலேயே எழுதியிருப்பது.

வயதும் இருக்கிறது. வாக்யூவை இரண்டரை வயதுவாக்கில் அறுத்துவிடுவார்கள். இங்கே 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து நம் பக்கத்துக் கடைகளுக்கு வரும் பெரிய கறி, ஏர் இழுத்தோ வண்டி இழுத்தோ பல ஈத்துப் பால் கறந்தோ ஓய்ந்த உடம்பு. உழைக்கும் தசைச் செல்லில் சக்தி குறையும்போது ஏ.எம்.பி.கே. என்ற காவல்காரப் புரதம் விழித்து, சேமிக்கும் பக்கங்களை மூடிவிட்டு எரிக்கும் பக்கங்களைத் திறக்கிறது. பத்து வருடம் உழைத்த தொடையில் கொழுப்பு வரி தேடுவது, ஹார்பரில் மூட்டை தூக்கியவர் வயிற்றில் தொந்தி தேடுவது மாதிரி. தசையைச் சுற்றிய சவ்வில் கொல்லாஜன் இழைகள் வயதாக ஆக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குக்கர் விசில் எண்ணிக்கை தப்புவதும், பப்பாளிக்காய் குண்டானுக்குள் போவதும் அதனால்தான்.

ஆக நம் குழம்பில் மிதக்கும் கொழுப்பு தசைக்குள்ளிருந்து வந்தது குறைவு. குடலோரமும் தோலடியிலும் நடுச்சந்துகளிலும் இருந்ததைப் பாய் வெட்டிப் போட்டதுதான் பெரும்பகுதி. உடம்பின் உட்பக்கக் கொழுப்பில், குறிப்பாகச் சிறுநீரகத்தைச் சுற்றியதில், ஸ்டியரிக் அதிகம். தோலை ஒட்டியதில் ஒலியிக் அதிகம். ஒரே மாடு, ஒரே தீவனம், ஒரே பத்திரம். இடத்துக்கு இடம் எஸ்.சி.டி. ஜெராக்ஸ் எண்ணிக்கை வேறு. ஏட்டைப் பற்றிய மீதி விடை இது.

இன்னும் ஒரு அடுக்கு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சில பக்கங்களில் ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருக்கும். ஜெராக்ஸ் எடுக்கவே முடியாது. மெத்தில் என்ற சிறு வேதிக்குறி டி.என்.ஏ. மேல் ஒட்டிக்கொள்வது அப்படித்தான். இன்னும் சில இடங்களில் பத்திரத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். ரூமெனில் கெட்ட வெண்ணெய் வாடை அடிக்கும் பியூட்டிரேட் இருக்கிறதே, அது இந்த ரப்பர் பேண்டைத் தளர்த்தக்கூடியது. கண்ணாடித் தட்டில் வளர்த்த மாட்டுச் செல்களில் அதை ஊற்றியபோது ஏராளமான ஜீன்களின் நகல் எண்ணிக்கை மாறியதைப் பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள மாட்டில் பெரும்பங்கு பியூட்டிரேட்டை ரூமெனின் சுவரே செலவழித்துவிடுவதால், தொடைக்கறி வரை போய் அது பெரிதாகச் சாதிப்பதாக நினைக்க வேண்டாம்.

பின் அடிக்கும் வேலை அதிகம் நடப்பது கருவில். சினைமாட்டின் வயிற்றில் வளரும் கன்றில், தசைச் செல்லுக்கும் கொழுப்புச் செல்லுக்கும் ஒரே மூதாதைச் செல்தான். எது எந்தப் பக்கம் போகும் என்பதில் தாய்க்குக் கிடைக்கும் தீவனத்துக்குப் பங்கு உண்டு. தசை நார்களின் எண்ணிக்கை பிறப்பதற்குள் முடிவாகிவிடும். பிறகு நார் தடிக்கலாம், பெருகாது. தசைக்குள் இருக்கப்போகும் கொழுப்புச் செல்கள் கருவின் பிற்பகுதியிலிருந்து கன்றுக்கு எட்டு மாதம் ஆகும்வரை உருவாகிக்கொண்டிருக்கும். இந்த வயதில் வைட்டமின் ஏ எதிர்வேலை செய்கிறது: பிறந்த கன்றுக்கு அதை ஊசியாகப் போட்டபோது, வளர்ந்த பிறகு தசைக்குள் கொழுப்பு கூடியது. வளர்ந்த மாட்டில் தடுக்கும் அதே பொருள், கன்றில் விதை தூவுகிறது. இதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

நம் ஊர்க் கறவைத் தொழுவங்களில் காளைக்கன்றின் கதி எல்லோருக்கும் தெரியும். மடியில் வாய் வைக்க விட்டால் பால் போச்சு. ஒரு காலத்தில் செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தாய் முன்னால் நிறுத்திக் கறந்த ஊர் இது. அப்படி ஒட்டிய வயிற்றோடு தப்பிப் பிழைத்த கன்று பின்னால் எவ்வளவு தின்றாலும், எட்டு மாதத்துக்குள் தூவாத விதை முளைக்காது.

கடைசியாகப் புல் மாட்டுக்கறி விளம்பரங்கள். புல் மாட்டில் ஒமேகா-6 (லினோலிக்கின் குடும்பம்), ஒமேகா-3 விகிதம் நன்றாக இருக்கும். தானிய மாட்டில் ஏழுக்கு ஒன்று என்றால் இதில் இரண்டுக்கு ஒன்றுக்கும் கீழே. விகிதம் உண்மைதான், ஆனால் அளவு சொற்பம். கறியிலேயே கொழுப்பு குறைவு, அதில் ஒமேகா-3 ஒரு சிட்டிகை. ஒமேகா-3 வேண்டுமென்றால் அந்தக் காசுக்குக் காசிமேட்டில் ஒரு கூறு மத்தி வாங்கலாம், பல மடங்கு கிடைக்கும். மாட்டுக்கறியை அதன் புரதத்துக்கும் இரும்புச்சத்துக்கும் ருசிக்கும் தின்னலாமே, மீன் வேலையை ஏன் அதன் தலையில் கட்ட வேண்டும்?

ஆயா குழம்பில் மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும், மறுநாள் கருவாடு வறுக்க. மார்கழியில் அது அடிமுதல் நுனிவரை ஒரே கட்டி. கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் மேலே பாதி மஞ்சள் எண்ணெயாகப் பிரிந்து நிற்கும், அடியில் வெள்ளை மட்டும் மணல் மணலாகக் கிடக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நான் கொட்டப் போய் அடி வாங்கியிருக்கிறேன். கெடவில்லை. மேலே நின்றதில் எஸ்.சி.டி.யின் கைவேலை அதிகம், அடியில் கிடந்ததில் ரூமெனில் குடியிருந்தவர்களுடையது.